கொத்துக்கு ஒரு சிவப்புப் பழம்

போன மாசம் செல்வி போன் பண்ணினாள். நான் சாரத்தை விட்டு இறங்கின பிறகு எங்கள் கோஷ்டியைக் கையில் எடுத்து நடத்துகிறவள் அவள்தான். அவள்கூட நாலு பெண்பிள்ளைகள் கோயில் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கிறார்கள். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் அம்மன் கோயில் முகப்பைப் புதுசாக்கப் போயிருக்கிறார்கள். பாலாலயம் முடிந்து, பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

"அக்கா, இந்த ஆத்தா சேலை நீங்க போட்டதாமே? ஊர்க்காரக சொல்றாக."

"ஆமா. திராட்சைக் கொத்துதானே?"

"அதேதான். ஒரு சந்தேகம்க்கா. கொத்து பூரா கறுப்புப் பழம். ஒவ்வொரு கொத்துலயும் ஒண்ணே ஒண்ணு மட்டும் செவப்பு. தேய்ச்சுப் பாத்தா கறுப்பெல்லாம் மேல் பெயிண்டு, செவப்பு மட்டும் அடிப்பெயிண்டு. மொதல்ல செவப்புப் புள்ளிய வச்சுட்டு அப்புறமா கொத்து வரைஞ்ச மாதிரி இருக்கு. இது என்ன முறை? எங்களுக்கு நீங்க சொல்லித்தரவே இல்லையே?"

"அது முறை இல்லடி. அது நான் பண்ணின தப்பு. தப்பைத் திருத்தின விதம் அது."

"நீங்களா, தப்பா!" என்று சிரித்தாள். பக்கத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. இருபத்தேழு வருஷம் பெரியகுளத்திலிருந்து கம்பம் வரைக்கும் சாமிகளுக்குச் சேலை கட்டிவிட்டவள் நான். சேலைப் பூ என்றால் பேச்சியம்மா என்று பேர். தப்பு என்று என் வாயால் அவர்கள் கேட்டதில்லை.

பெயிண்டர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூணாங்கிளாஸ் படிச்ச கைக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், இப்போது எனக்கு அவசர வேலை ஒன்றும் இல்லை. செல்வி கேட்டதற்குப் பதிலை இதிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுண்ணாம்புச் சட்டி தூக்க. அதை ரெண்டே வரியில் முடித்துவிடலாம். ஒரு முருகன் கோயிலில் மயிலுக்குப் பச்சை கலக்கிக்கொண்டிருந்தார் தங்கவேல் மேஸ்திரி. சட்டியோடு ஏணியில் நின்றவள் சும்மா இல்லாமல், "மயிலு இம்புட்டுப் பச்சையாவா இருக்கு? கழுத்துல ஊதா ஓடுமே" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். மூணாம் நாள் சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். அம்மன்களுக்கும் தேவிமார்களுக்கும் உடம்பு வர்ணமும் முகமும் அவர் வேலை. சேலை, கரை, முந்தி, ரவிக்கைப் பூ என் வேலை. கடைசி வரைக்கும் அப்படித்தான்.

சாமியின் நிறம் நம் இஷ்டம் கிடையாது. கிருஷ்ணன் நீலம், காளி கறுப்பு, அம்மன் மஞ்சள். ஆயுதம் எத்தனை, கை எத்தனை, எல்லாத்துக்கும் கணக்கு உண்டு. சேலைக்கு மட்டும் கணக்கு இல்லை. அது கட்டிவிடுகிறவள் பாடு. அந்த ஒரு இடம் எனக்கென்று கிடைத்தபோது, பொட்டல் காட்டில் தனியாக ஒரு கிணறு கிடைத்த மாதிரி இருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைத் திறந்தால் ஆயிரம் டிசைன் வருகிறது. எனக்குப் போன், டவுன் பஸ்தான். பெரியகுளத்தில் ஏறினால் தேனி போய்ச் சேருகிற வரைக்கும் கூட்டத்தில் எத்தனை முதுகு, எத்தனை முந்தி! ஒருதரம் ஒரு சேலையின் கரையில் கண்ணை வைத்துக்கொண்டே நின்றேன். வாடாமல்லி நிறம், அதற்குள் கிளிப்பச்சையில் கோபுரக்கட்டம். அந்தம்மா திரும்பிப் பார்த்தது.

"ஏத்தா, எம்முதுகுல என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

"ஒண்ணுமில்ல மதினி, கரையில கட்டம் எத்தனைன்னு பாக்குறேன்."

"கரையப் பாக்குறியா, கழுத்துல கிடக்கிறதப் பாக்குறியா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் வேறு, "அம்மா, சங்கிலிய உள்ள போட்டுக்கங்க" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மதினி, தேனிக்கு மேக்க புதுசா ஒரு பிள்ளையார் கோயில் எழும்புது. தை மாசம் வந்து மேல பாருங்க. இந்தச் சேலையச் சரஸ்வதி கட்டியிருப்பா. அப்பப் பேசுங்க" என்றேன். தையில் அந்தம்மா மகள், மருமகள், பேரன் பேத்தி என்று ஒரு வேன் ஆளோடு வந்து, அதே சேலையைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து நின்றது. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. போகும்போது வேனிலிருந்து இறங்கி வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனது.

இது தவிர என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. தையல்கடைகளில் வெட்டிப் போடுகிற துண்டுத்துணியைப் பொறுக்கி அதில் சேர்த்து வைத்திருப்பேன். மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் அரக்கு நன்றாக இருக்குமா, ராமர் பச்சை நன்றாக இருக்குமா என்று பார்க்க, இந்தத் துண்டையும் அந்தத் துண்டையும் சாரத்துக் கம்பில் செருகிவிட்டு எட்டி நின்று பார்ப்பேன்.

எட்டி நின்று பார்ப்பது மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஓர் ஊருக்கு வேலைக்குப் போனால் அவர் முதல் நாள் பெயிண்ட் டப்பாவைத் திறக்கமாட்டார். கோயிலை விட்டு வெளியே போய், ஊருக்குள் நுழைகிற பாதை வரைக்கும் நடப்பார். அங்கிருந்து சாமி கும்பிட வருகிற ஆள் மாதிரி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். வருகிற வழியில் எந்த இடத்தில் அவர் கை தானாகக் கும்பிட எழும்புகிறதோ, அந்த இடத்தில் ஒரு கல்லைப் போடுவார். அதுதான் பார்வைக் கல். வேலை முடிகிற வரைக்கும் அந்தக் கல்லை யாரும் நகர்த்தக் கூடாது. சாரத்து மேலே முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிறபோது அழகாகத் தெரிகிற பூ, கீழே நிற்கிறவனுக்கு அழுக்கு மாதிரி தெரியும். ஒவ்வொரு சிலைக்கும் பாதி வேலையில் ஒருதரம், முடிந்ததும் ஒருதரம், இறங்கிப் போய் அந்தக் கல்லில் நின்று பார்க்க வேண்டும். அவர் திட்டவே மாட்டார். ஒரு பூவோ கரையோ சரியில்லை என்றால், "பேச்சி, கல்லுக்குப் போ" என்பார். அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தைக்காக எத்தனை ஆயிரம் தரம் ஏணி இறங்கி ஏறியிருப்பேன் என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

மேஸ்திரியின் ரெண்டாவது வழக்கம், கண் திறப்பு. சேலை, நகை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, விடியற்காலையில் குளித்துவிட்டு, யாரோடும் பேசாமல் ஏறி, மேஸ்திரி கண்ணில் கருமணி வைப்பார். அந்தப் பிரஷ்ஷை வேறு யாரும் தொடக்கூடாது, கழுவக்கூடக் கூடாது. கண் திறந்துவிட்டால் அந்தச் சிலையைச் சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது. அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பாலாலயம் பண்ணிச் சக்தியை இறக்குகிற வரைக்கும் அப்படித்தான். "உசுரு வந்தாச்சு. உசுரோட இருக்கிற உடம்புல உப்புத்தாளப் போடுவியா?" என்று கேட்பார்.

இனி அந்த ஊருக்கு வருகிறேன்.

சுத்திலும் திராட்சைத் தோட்டம். நடுவில் சின்ன ஊர். கோயில் முகப்பின் உச்சியில் அம்மன், ஆளைவிட ஒன்றரைப் பங்கு பெரிய உருவம், உட்கார்ந்த நிலை. அவளுக்கு என்ன சேலை என்று யோசித்தபோது பஸ்ஸும் டப்பாவும் எனக்குத் தேவைப்படவில்லை. மனசில் ஒரு சேலை வந்து நின்றது. மஞ்சள் சேலை, உடம்பு முழுக்கச் சிவப்புப் புள்ளி, அரக்குக் கரை. என் அக்கா ராமுத்தாயிடம் இருந்த சேலை அது. எங்கே எப்போது அவள் அதைக் கட்டினாள் என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை. அம்மனுக்கு இதுதான் பொருத்தம் என்று மட்டும் தோன்றியது. எட்டணாக் காசு அளவுக்கு ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். நாலு நாள் வேலை. அத்தனை ஆசையோடு நான் எந்தச் சேலையும் போட்டதில்லை.

ஆனால் கல்லுக்குப் போகவில்லை. வெயிலுக்காகச் சாரத்தைச் சுற்றித் தென்னங்கிடுகு கட்டியிருந்தார்கள். கல்லுக்குப் போய் நின்றால் கிடுகுதான் தெரியும். எப்போதும் கிடுகை அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்போம். இந்தத் தரம் நான் சொல்லவில்லை. எனக்கா தெரியாது என்கிற நினைப்பு. மேஸ்திரிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஏறினால் இறங்க அரைமணி நேரம். "பாத்துட்டியா பேச்சி?" என்று கேட்டார். "புள்ளிச் சேலைதானே மேஸ்திரி, அதுல என்ன பாக்க இருக்கு?" என்றேன். அவரும் சரி என்று மறுநாள் விடிய ஏறிக் கண் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கிடுகை அவிழ்த்தார்கள். ஊர் சனம் கூடி நின்றது. குலவை போடத் தயாராக நின்ற பெண்கள் ஒருத்தியும் குலவை போடவில்லை. நான் சாரத்து மேலே நின்றுகொண்டு, எல்லாரும் மெய்மறந்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு கிழவர் சொன்னது காதில் விழுந்தது. "ஆத்தா மேல முத்துப் போட்டிருக்குடா."

இறங்கினேன். ஓடிப் போய்க் கல்லில் நின்று பார்த்தேன். அம்மனுக்கு உடம்பும் மஞ்சள், சேலையும் மஞ்சள். மடிப்புக்காக நான் போட்ட கோடு ஒன்றுகூடக் கீழே தெரியவில்லை. அரக்குக் கரை முழுவதும் பீடத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. சேலையே இல்லை. மஞ்சள் பூசின உடம்பில் கழுத்திலிருந்து கால் வரைக்கும் செக்கச்செவேலென்று அம்மை முத்து.

கல்லை விட்டு இறங்கினேன்.

எங்களுக்குத் தினம் மோர் கொண்டுவந்து கொடுக்கிற குருவம்மாதான் முதலில் வாயைத் திறந்தது. அந்த ஊரில் அந்தம்மா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தது. ஆறு வயசில் எனக்குப் பெரியம்மை போட்டது. முகம் முழுக்கத் தழும்பு. யாரும் அதைப் பற்றிக் கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதில்லை.

"ஏண்டி, ஓம் மூஞ்சியக் கொண்டாந்து எங்க ஆத்தா மேல ஒட்டிட்டியேடி!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குள் இன்னொரு சேதி வந்தது. தோட்டத்து வீட்டில் இருக்கிற முருகேஸ்வரியின் மகளுக்கு முந்தின நாளே காய்ச்சலாம், காலையில் உடம்பெல்லாம் முத்தாம். ஏழு வயசுப் பிள்ளை. அவ்வளவுதான். கும்பாபிஷேகத்துக்குப் பதினாலு நாள் இருக்கிறது. ஊருக்குள் அம்மை இருந்தால் கொட்டு அடிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, யாகம் வளர்க்க ஆள் வராது. சிலையிலும் முத்து, பிள்ளை மேலும் முத்து. ரெண்டுக்கும் காரணம் இந்தப் பெயிண்டுக்காரி.

கூட்டம் கோயில் வாசலிலேயே கூடிவிட்டது. மேஸ்திரி குச்சியை ஊன்றிக்கொண்டு, அந்த வீங்கின காலை இழுத்து இழுத்துக் கல் வரைக்கும் நடந்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கல்லில் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து என்னைப் பார்க்கவில்லை, ஊர்ப் பெரியவரைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"சேலை அவ போட்டது. கல்லுல நின்னு பாக்காம கண்ணத் தொறந்தது நான். கடைசியாப் பாத்துச் சரி சொல்ல வேண்டியது என் பொறுப்பு. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க. அவ மூஞ்சியப் பத்தி யாரும் பேச வேணாம்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"திட்டி என்ன ஆகப் போகுது? சுரண்டி எடுங்க" என்றார் ஊர்ப் பெரியவர்.

"கண்ணு தொறந்தாச்சுங்க. சுரண்ட முடியாது."

"அப்ப மேல மஞ்சள் ஒரு பூச்சு அடிச்சு மறைச்சுருங்க. வேற ஆளக் கூட்டியாந்தாவது அடிங்க."

அதற்குப் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "முத்த அமுக்கப்படாது. வெளிய வந்தது வெளிய இருந்து இறங்கணும். அமுக்குனா உள்ள போயிரும். அந்தப் புள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

சுரண்டவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அப்படியே விட்டால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஊரே அண்ணாந்து அம்மையைக் கும்பிட வேண்டும். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கடைசியில், "முருகேஸ்வரியக் கேப்போம். நோவு அவ வீட்டுல இருக்கு. அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்று முடிவானது. யார் போய்க் கேட்பது? அம்மை வீட்டுக்குள் போக எல்லாருக்கும் பயம். "நான் போறேன். எனக்கு வந்து போயிருச்சு" என்றேன். பூசாரி வாசல் வரைக்கும் வந்தார்.

வாசலில் வேப்பங்கொத்து. உள்ளே வேப்பிலைப் படுக்கையில் பிள்ளை. பக்கத்தில் முருகேஸ்வரி, ராத்திரி தூங்காத கண். என்னை வெளியே போ என்று சொல்வாள் என்று நினைத்தேன். "உக்காருங்கக்கா" என்றாள். "நர்சம்மா வந்து பாத்துட்டுப் போனாக. பயமில்லைன்னு சொன்னாக. இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்குது."

பிள்ளை கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தது.

"ஒனக்கும் ஆத்தா வந்துச்சா?"

"வந்துச்சு கண்ணு. ஒன்னய மாதிரி சின்னதுல. எனக்கு வந்தது பெரிய ஆத்தா. ஒனக்கு வந்திருக்கிறது சின்னவ."

"வலிச்சுச்சா?"

"அரிச்சுச்சு."

"எனக்கும் அரிக்குது. சொரியக் கூடாதாம். நீ என்ன செஞ்ச?"

"எண்ணிக்கிட்டே இருந்தேன்."

"எத?"

அந்த இடத்தில்தான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. எண்ணினேன். அக்கா ராமுத்தாய் பதினொரு நாளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மாற்றுச் சேலை அவளிடம் இல்லை. இமை வீங்கி, கண் கீற்றாகத்தான் திறக்கும். அந்தக் கீற்றில் அவள் மடி மட்டும் தெரியும். மஞ்சள் சேலை, சிவப்புப் புள்ளி. எனக்குப் பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும். பத்துப் பத்தாக அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டே கிடந்தேன். எண்ணி எண்ணித்தான் பிழைத்தேன். அந்தச் சேலையைத்தான் நாப்பது வருஷம் கழித்துக் கை தானாக எடுத்து அம்மனுக்குக் கட்டியிருக்கிறது. குருவம்மா சொன்னதில் பாதி நிஜம். என் அம்மையைத்தான் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

முருகேஸ்வரியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. இப்படி ஒரு சேலை, இப்படி ஒரு தப்பு, ஊர் இப்படிக் கேட்கச் சொன்னது என்று எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பிள்ளைக்கு வேப்பிலையால் விசிறினாள். அப்புறம் எழுந்து வாசலுக்கு வந்து, பூசாரிக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"ஆத்தா மேல இருக்கிறத யாரும் சொரண்ட வேணாம், மூட வேணாம். எம்புள்ளைய விட்டுட்டு அவ தம் மேல எடுத்துக்கிட்டா. நேத்துக் கொதிச்ச காய்ச்ச இன்னைக்கு இல்ல. மொதத் தண்ணி ஊத்துற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். அப்புறமா இந்தக்காவே வந்து பாத்துக்கட்டும். வேற ஆளு வேணாம்."

பூசாரி தலையாட்டிவிட்டு முன்னால் போனார். நான் பின்னால் நடந்தேன். வீட்டுக்கும் பாதைக்கும் நடுவில் திராட்சைப் பந்தல். தலைகுனிந்து நடந்தவள், கொடி ஒன்று கொண்டையில் மாட்ட, அண்ணாந்து பார்த்தேன். மேலே கம்பிக்குக் கம்பி கொத்துத் தொங்குகிறது. வெயில் இலை வழியாக இறங்குகிறது. பன்னீர்த் திராட்சை, கறுக்கத் தொடங்கின பருவம். முக்கால்வாசி கறுத்துவிட்டது. கொத்துக்கு ஒன்று ரெண்டு பழம் மட்டும் இன்னும் கறுக்காமல் செக்கச்செவேலென்று நிற்கிறது.

அப்படியே நின்றுவிட்டேன். கீழே நின்று மேலே பார்க்கிறேன், தெளிவாகத் தெரிகிறது. பந்தலே பார்வைக் கல் மாதிரிதான். இந்த ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்க்கிறது இதைத்தானே.

ஓடிப்போய் மேஸ்திரியிடம் சொன்னேன். "சுரண்ட வேணாம், மறைக்க வேணாம். செவப்புப் புள்ளி அப்படியே இருக்கட்டும். அதச் சுத்திக் கறுப்புப் பழம் வச்சுக் கொத்தாக்கிருவோம். புள்ளி, கறுக்காத பழம் ஆயிரும்."

மேஸ்திரி யோசித்தார். "சேர்க்கிறது தப்பில்ல. சாமிக்குப் புதுசா ஒரு சேலை சாத்துற மாதிரிதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "இந்தத் தரம் கல்லுக்கு நான் போறேன். நீ மேலயே இரு" என்றார்.

ஏழாம் நாள் பிள்ளைக்கு முதல் தண்ணி ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணி. அன்று மத்தியானமே நான் சாரம் ஏறினேன். கிடுகு கட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊரே பார்க்கட்டும். கறுப்பில் கொஞ்சம் ஊதாவும் ஒரு சொட்டு அரக்கும் கலந்து பன்னீர்த் திராட்சை நிறம் எடுத்தேன். வெறும் கறுப்பு வைத்தால் ஓட்டை மாதிரி தெரியும். ஒவ்வொரு பழத்திலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று, உருண்டை தெரிய. கொத்துக்கு மேலே ஒரு கிளிப்பச்சை இலை. உடம்பும் சேலையும் பிரிந்து தெரிய, மார்பின் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு வாடாமல்லிக் கரை.

மேஸ்திரி கல்லின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கத்தினால் காற்றில் கேட்காது என்று துண்டால் சைகை. துண்டு வலது பக்கம் ஆடினால் கொத்தைப் பெரிசாக்கு. இடது பக்கம் ஆடினால் போதும். தலைக்கு மேலே சுற்றினால் நன்றாக இருக்கிறது. முதல் ரெண்டு நாள் துண்டு வலது பக்கமே ஆடிக்கொண்டிருந்தது. கல்லைச் சுத்திக் கூட்டம் வேறு. தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் நின்று யோசனை சொல்வார்கள். "எலை பத்தாதுத்தா, பந்தல்ல எலைதான் சாஸ்தி!" "ஏலே, அவுக பாட்டுக்கு வேலை செய்யட்டும், நீ போய் மருந்தடி!" "அந்த மூணாவது கொத்துல பழம் கம்மியா இருக்கு, காத்துக்கு உதிர்ந்துருச்சா?" பயத்தோடு ஏறினவள், ஓயாத வாயோடு பதில் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். மூணாம் நாள் சாயங்காலம் துண்டு தலைக்கு மேலே சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கால் வலியை மறந்து எழுந்து நின்று சுற்றினார் மனுஷன்.

பதினோராம் நாள் பிள்ளைக்கு மூணாம் தண்ணி. அம்மை இறங்கிவிட்டது. முகத்தில் ரெண்டே ரெண்டு தடம், அதுவும் நாளானால் மறைந்துவிடும் என்று நர்சம்மா சொன்னதாக முருகேஸ்வரி சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கல்லுக்கு வந்தாள். பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு எண்ண ஆரம்பித்தது. அதற்கு நூறு வரைக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியை எழுத எனக்கு எழுத்துப் பத்தாது.

பதினாலாம் நாள் சொன்னபடி கும்பாபிஷேகம். கொட்டுச் சத்தம், குலவைச் சத்தம். கலசத் தண்ணி மேலேயிருந்து தெறிக்கிறது. நான் கூட்டத்தில் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். என் தோளை இடித்துக்கொண்டு யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் குருவம்மா. அன்றைக்குப் பிறகு எங்களுக்கு மோர் வரவில்லை, அந்தம்மாவும் வரவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குருவம்மா கையைக் கூப்பினபடியே மேலே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. அப்புறம் கழுத்தைத் திருப்பாமலே மெதுவாகக் கேட்டது:

"ஏத்தா, அந்தச் சேலை தேனிக் கடையில எடுத்ததா, கம்பத்துல எடுத்ததா?"

"எந்தச் சேலைம்மா?"

"ஆத்தா கட்டியிருக்காளே, அந்தத் திராட்சை. எம்மகளுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. ஒண்ணு எடுக்கலாம்னு பாத்தேன்."

"கடையில வராதும்மா. ஒண்ணுதான் இருந்துச்சு. ஆத்தா எடுத்துக்கிட்டா."

குருவம்மா இன்னொருதரம் மேலே பார்த்தது. "எடுத்துட்டுப் போகட்டும். அவளுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றது. பிறகு இடுப்பிலிருந்த மோர்ச் செம்பை எடுத்து என் கையில் வைத்தது.